இரவுப் பேருந்துக்கு முன் புதுச்சேரியில் ஒரு பகல்

விடுமுறையின் கடைசி நாளுக்கென்று யாரும் தனியாகத் திட்டம் போடுவதில்லை. பார்க்க வேண்டியவை என்று எழுதி வைத்ததெல்லாம் முந்தைய நாளோடு தீர்ந்திருக்கும். விடுதி அறையை முற்பகலுக்குள் காலி செய்தாக வேண்டும். ஊருக்குப் போகும் பேருந்தோ இரவில்தான் கிளம்பும். இடையில் கேட்பாரற்றுக் கிடக்கும் அந்தப் பகலைப் பெரும்பாலோர் கடைகளில் கழித்துவிடுவார்கள். புதுச்சேரியில் எங்களுக்கு வாய்த்த அப்படியொரு பகலை நாங்கள் சுவர்களைப் பார்ப்பதில் கழித்தோம். கேட்பதற்கு இது சற்று வேடிக்கையாக இருக்கலாம். என் கணவர் சேலத்தில் கட்டட ஒப்பந்த வேலை செய்பவர். நான் அரசுப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். அவருக்குச் சுவர் தெரியும், எனக்கு ஆண்டு தெரியும். திருமணமாகி இத்தனை காலத்தில் இவை இரண்டும் ஒரே தெருவில் ஒன்றாக வேலைக்கு வந்தது அன்றைக்குத்தான்.

அதற்கு முந்தைய நாட்களில் எல்லாரும் செய்வதையே நாங்களும் செய்தோம். ஆரோவில்லுக்குப் போனோம், சுண்ணாம்பாற்றில் படகு ஏறினோம், துய்மா வீதியிலும் ரோமன் ரோலண்ட் வீதியிலும் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். காகிதப்பூக் கொடி தொங்கும் வாசலும், வெள்ளைப் பட்டை அடித்த வளைவும், நீல நிறத் தெருப்பலகையும் கொண்ட அந்தப் படங்களை மகளுக்கு அனுப்பியபோது, அந்தக் காலத்து ஊர் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பதில் வந்தது. கைப்பேசியை வாங்கிப் பார்த்த என் கணவர், "எந்தக் காலம்னு கேளு" என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் மறுநாள் விடியற்காலையில் கடற்கரைக்கு நடந்தபோது அந்தக் கேள்வி எங்களோடு கூடவே வந்தது.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 மணி வரை வண்டிகளுக்கு அனுமதியில்லை. ஆகவே விடியற்காலையில் அந்தச் சாலை முழுவதும் நடப்பவர்களுக்கே உரியது. தலைமைச் செயலகத்தின் எதிரில் மணலில் இறங்கி நின்றதும் என் கணவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "நான் சின்ன வயசுல வந்தப்போ இங்க கால் வைக்க மணலே கிடையாது, வெறும் பாறாங்கல்லுதான்" என்றார். அவர் சொன்னது சரிதான். இந்த மணலுக்கு வயது மிகக் குறைவு. நம் கிழக்குக் கரையோரத்தில் கடல் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி மணலைத் தள்ளிக்கொண்டே போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் திசை மாறும். 1980களின் இறுதியில் நகரத்துக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் நீட்டப்பட்டபோது இந்த மணலோட்டம் அங்கேயே தடைபட்டது. தடுப்புக்குத் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே இருந்த நகரத்தின் கரையைக் கடல் அரித்துக்கொண்டு போனது. அரிப்பைத் தடுக்கக் கற்களைக் கொட்டினார்கள். கற்கள் சாலையைக் காப்பாற்றின, கடற்கரை இல்லாமல் போயிற்று. பிறகு தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்தின் அருகே கடலுக்கடியில் எஃகாலான செயற்கைத் திட்டு ஒன்றை 2018இல் அமைத்தது. அதன் மீது மோதி வேகம் குறைந்த அலைகள் மணலை உள்ளே விட்டுப்போகத் தொடங்கின. நாங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற இடம் அப்படித் திரும்பி வந்த இடம். தண்ணீருக்கு அடியில் ஒரு கட்டுமானம் நின்று வேலை செய்கிறது என்பதைக் கேட்டதும் அவருக்கு அதைப் பார்த்தே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது. கரையிலிருந்து அங்கே தெரிவது என்னவோ அலை சற்று முன்னதாகவே உடையும் ஒரு கோடு மட்டும்தான்.

அங்கிருந்து தெற்கே நடந்தால் காந்தி சிலை. சிலையைச் சுற்றி நிற்கும் செதுக்கிய கருங்கல் தூண்கள் இந்த ஊரைச் சேர்ந்தவை அல்ல; செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. 1750இல் செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுப் படை பிடித்தது என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தச் செய்தியைத் தொட்டுப் பார்க்க முடியும் என்று தோன்றியதில்லை. ஒரு தூணின் அடிப்பகுதியில் கையை வைத்துப் பார்த்தேன். உப்புக்காற்றில் பிசுபிசுவென்று இருந்தது. சற்றுத் தள்ளி, 1836 முதல் 1979 வரை எரிந்த பழைய கலங்கரை விளக்கம். அதற்குப் பக்கத்தில் கடலுக்குள் நீண்டிருந்த இரும்புப் பாலத்தை 1952ஆம் ஆண்டுப் புயல் கொண்டுபோய்விட்டது.

எங்களுக்குள் வாக்குவாதம் மூண்டது மேரி கட்டடத்தின் முன்னால்தான். பிரெஞ்சுக்காரர்களின் நகராட்சி அலுவலகமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த அந்தக் கட்டடம், 2014ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி பெய்த மழையில் இடிந்து விழுந்தது. இன்று அதே இடத்தில் அதே தூண்களோடும் அதே முகப்போடும் வெள்ளை வெளேரென்று நிற்பது, பழைய தோற்றத்தைப் பின்பற்றி மீண்டும் கட்டி 2021இல் திறக்கப்பட்ட கட்டடம். இதைப் பழைய கட்டடம் என்று சொல்லி வருகிறவர்களுக்குக் காட்டுவது நியாயமா என்பது என் கேள்வி. இவருக்கு அதில் எந்தச் சங்கடமும் இல்லை. "பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகம் பண்றோம். திருப்பணின்னு கோபுரத்துல பாதி பொம்மையைப் புதுசா வைக்கறோம். அப்ப மட்டும் அது புதுக் கோயிலா போயிடுதா?" என்றார். திருப்பணி என்பது விழாமல் காப்பதற்காகச் செய்வது, இது விழவிட்டுச் செய்தது, இரண்டும் ஒன்றாகாது என்றேன் நான். அதற்கு அவரிடம் உடனடியாகப் பதில் இல்லை. மழையில் விழுகிற சுவர் அந்த ஒரு மழையால் மட்டும் விழுவதில்லை, அதற்கு முன்பே பல மழை அதற்குள் இறங்கியிருக்கும் என்று மட்டும் சொன்னார். அதன் பொருள் பிற்பகலில்தான் எனக்குத் தெளிவாயிற்று.

விடுதிக்குத் திரும்பிக் குளித்து, பெட்டிகளைக் கீழே வரவேற்பில் ஒப்படைத்துவிட்டு, பாரதி பூங்காவில் வந்து உட்கார்ந்தோம். நடுவில் வெள்ளை ஆயி மண்டபம். சுற்றிலும் பள்ளிப் பிள்ளைகள், வேர்க்கடலைக்காரர், நிழலில் படுத்திருக்கும் நாய்கள். இந்தப் பூங்காவும் இதைச் சுற்றியுள்ள பகுதியும்தான் ஒரு காலத்தில் புதுச்சேரியின் கோட்டை. பிரெஞ்சு ஆளுநர் பிரான்சுவா மர்த்தேன் தொடங்கி வைத்த ஊரில் 1706இல் கட்டி முடிக்கப்பட்ட ஐங்கோணக் கோட்டை அது. இப்போது அதில் ஒரு செங்கல்கூடக் கண்ணில் படாது.

அதன் கதையைச் சொல்வதற்குக் கடலூரிலிருந்து தொடங்க வேண்டும். 1758ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் வைத்திருந்த புனித டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார். இரண்டரை ஆண்டுகள் கழித்துக் காற்று திசை மாறியது. மாதக்கணக்கில் நீடித்த முற்றுகையில் உணவு தீர்ந்து, 1761 ஜனவரி 16ஆம் தேதி புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. கடலூரில் நடந்ததற்கு ஈடு இங்கே வசூலிக்கப்பட்டது. கோட்டையையும் ஆளுநர் மாளிகையையும் வெள்ளையர் குடியிருப்பையும் வெடி வைத்தும் கடப்பாரை கொண்டும் தகர்த்தார்கள். லாலியோ கைதியாக இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, பிறகு பிரான்சுக்குத் திரும்பி, துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, 1766இல் பாரிசில் தலை வெட்டப்பட்டார். சமாதான உடன்படிக்கையின்படி 1765இல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்தபோது அவர்களை வரவேற்றது இடிபாடுதான். ஆகவே வெள்ளையர் நகரம் என்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் தெருக்களில் உள்ள வீடுகள், எவ்வளவு பழையவை என்றாலும், அந்த ஆண்டுக்குப் பிறகு எழுந்தவை. மர்த்தேனும் பின்னாளில் ஆளுநராக இருந்த துய்ப்ளேவும் பார்த்த ஊர் அது அல்ல.

"அப்ப எதுவுமே மிஞ்சலையா?" என்று கேட்டார். வீதிகளின் கோடு மிஞ்சியது என்றேன். 1693இல் டச்சுக்காரர்கள் இந்த ஊரைப் பிடித்து ஆறு ஆண்டுகள் வைத்திருந்தார்கள். வீதிகள் ஒன்றையொன்று நேர்க்கோணத்தில் வெட்டிச் செல்லும் நகர வரைபடத்தைப் போட்டவர்கள் அவர்கள்தான். திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அந்த வரைபடத்தைத் தூக்கி எறியாமல் அதன்படியே ஊரை வளர்த்தார்கள். வீடுகள் விழுந்தன, எழுந்தன. நூல் பிடித்த வீதிகள் அப்படியே இருக்கின்றன. இதைக் கேட்டதும் அவர் முகத்தில் தொழில்காரரின் திருப்தி ஒன்று வந்தது. கட்டடத்தை மாற்றலாம், நூல் பிடித்ததை மாற்றுவது கஷ்டம் என்றார்.

பூங்காவிலிருந்து மேற்கே நடந்து பெரிய வாய்க்காலைத் தாண்டினோம். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி என்று பிரித்து வைத்த எல்லை அது. இன்று பெரும்பகுதி கான்கிரீட் மூடி போட்ட சாக்கடைதான். மேலே வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தாண்டிய மறுகணமே தெரு வேறாகிவிடுகிறது. கிழக்கே வீடுகள் உயரமான மதிலுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். மேற்கே வீடு தெருவுக்கே வந்துவிடும்: மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், அதற்குள் திண்ணை, திண்ணைக்கு நடுவில் செதுக்கிய கதவு, கதவு திறந்திருந்தால் அதன் வழியே தெரியும் முற்றத்து வெளிச்சம். எங்கள் பக்கத்து ஊர்களிலும் இப்படி வீடுகள் உண்டு. ஆனால் ஒரு தெரு முழுவதும் இப்படி வரிசையாக நின்று பார்த்து எனக்கு நெடுநாளாயிற்று. மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் முயற்சியில் முகப்புகள் புதுப்பிக்கப்பட்ட வைசியாள் வீதிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. அந்த வீதியில் படம் எடுக்கிறவர்கள் அன்று எங்களைத் தவிர யாரும் இல்லை.

அதற்கு அடுத்த குறுக்குத் தெருவில்தான் அந்த வீடு. விருந்தினர் விடுதியாக மாற்றுவதற்காக வேலை நடந்துகொண்டிருந்தது. வாசலில் ஆற்று மணல், உள்ளே சாரம், திண்ணையில் உட்கார்ந்து ஒரு கொத்தனார் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வேலை நடக்கும் கட்டடத்தைக் கண்டால் என் கணவரை நிறுத்த முடியாது. உள்ளே வரலாமா என்று கேட்டு முடிப்பதற்குள் ஒரு கால் உள்ளே இருந்தது. கொத்தனாருக்கு அறுபது வயதிருக்கும். தொழில்காரர் என்று தெரிந்ததும் தேநீரை வைத்துவிட்டு, "வாங்க சார், இதைப் பாருங்க" என்று தாழ்வாரத்துச் சுவருக்கு அழைத்துப் போனார்.

சுவரில் உள்ளங்கை அகலத்துக்குச் செதுக்கி ஒரு கட்டம் திறந்திருந்தார்கள். அதன் விளிம்பில் அந்த வீட்டின் பூச்சுகள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரிந்தன. மேலே அண்மையில் அடித்த மஞ்சள் பெயின்ட். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து மஞ்சளேதான். வருகிறவர்கள் அந்த நிறத்தைத்தான் கேட்கிறார்கள் என்று வீட்டுக்காரர் இங்கேயும் அடிக்கச் சொன்னாராம். அதன் கீழே அரை அங்குலத்துக்குச் சாம்பல் நிறச் சிமென்ட். அதற்குக் கீழே ஒரு பச்சை, அதற்குக் கீழே நீலம் கலந்த வெள்ளை, பிறகு வெறும் வெள்ளை. எல்லாம் சுண்ணாம்பு அடித்தவை, ஒவ்வொன்றும் காகிதக் கனம். கடைசியில் வெளிர்ந்த சுண்ணாம்புச் சாந்துப் பூச்சு, அதற்கும் பின்னால் இப்போதைய செங்கல்லில் பாதி உயரம்கூட இல்லாத மெல்லிய செங்கற்கள். சாந்துக்குள் அங்கங்கே பொடிந்த கிளிஞ்சல் துண்டுகள் மின்னின. கடலோர ஊர்களில் கிளிஞ்சலைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். அந்தச் சாந்தைக் கொத்தனார் கரணையின் நுனியால் கீறிக் காட்டினார். கோடு விழுந்ததே தவிர உதிரவில்லை. பிறகு அதே சுவரின் கீழ்ப்பகுதிக்கு வந்தார். அங்கே சிமென்ட் வயிறு தள்ளியிருந்தது. விரலால் தட்டியதும் பொள்ளென்று ஓசை வந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் ஒரு பெரிய தகடு கழன்று விழுந்தது. அதன் பின்புறம் முழுவதும் வெள்ளை வெள்ளையாக உப்பு.

"சிமெண்டைப் பூசிட்டா சுவரு மூச்சு விட முடியாது சார். ஓதம் உள்ளயே நின்னுக்கும்" என்றார். எனக்காக என் கணவர் அதை விளக்கினார். நிலத்தின் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறுவதைப் பழைய சுவரில் முழுவதுமாகத் தடுக்க முடியாது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். வெயில் வந்தால் சுவர் தானே உலரும். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியின்றி இன்னும் மேலே ஏறும். அது கொண்டுவரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்துப் பூத்துப் பூச்சையும் தள்ளிவிடும், செங்கல்லையும் அரித்துவிடும். உத்திரத்தின் நுனி சுவருக்குள் இருக்கும் இடத்தில் ஈரம் தேங்கினால் தேக்கும் மக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சுவர் புதிதாக, வலுவாகத் தெரியும். காலையில் மேரி கட்டடத்தின் முன்னால் அவர் சொன்ன 'பல மழை' எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தக் கட்டடத்துக்கு இதுவேதான் நேர்ந்தது என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் எதுவும் இல்லை. பழைய கட்டடங்கள் பொதுவாக எப்படி விழுகின்றன என்பதை மட்டும் ஒரு சுவரில் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

பின்கட்டில் தொட்டியில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பை உடனே பயன்படுத்தாமல் தண்ணீருக்கடியிலேயே பல நாட்கள் வைத்திருந்தால்தான் பூசிய பிறகு வெடிக்காது. கடுக்காயை ஊறவைத்த நீரும் வெல்லமும் சேர்ப்பது இறுகுவதற்கும் வெடிப்பு விழாமல் இருப்பதற்கும். இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துபோனார்கள், தன் பிள்ளைகள் இருவரும் டைல்ஸ் ஒட்டப் போகிறார்கள் என்றார் கொத்தனார். வருத்தமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. டைல்ஸில் கூலி நல்ல கூலியாம். மாடியைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று ஏணியைக் காட்டினார். தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக, சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பிடித்த மெட்ராஸ் டெரஸ் தளம். அதன் அடியில் நின்று தலையை அண்ணாந்தபடியே என் கணவர் வெகுநேரம் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். கம்பி இல்லாமல், கான்கிரீட் இல்லாமல் இது நிற்கிறதே என்பதல்ல அவருடைய வியப்பு; இதைப் பிரித்தால் ஒவ்வொரு கல்லையும் மீண்டும் பயன்படுத்தலாம் என்பதுதான். எனக்கு இடுப்பு வலித்தது. ஏணியில் ஏறியது நான் அன்று செய்த ஒரே அசட்டுத் துணிச்சல்.

மதிய உணவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காந்தி வீதிக்கு அருகே ஒரு மெஸ்ஸில் வஞ்சரம் வறுவலும் சங்கரா மீன் குழம்பும் சாப்பிட்டோம். குழம்பில் புளி தூக்கலாக இருந்தது.

அதன் பிறகு பெரிய மார்க்கெட்டுக்குள் நுழைந்து, மீன்காரப் பெண்களின் கூப்பாட்டையும் பூக்கடைகளையும் கடந்து, ரங்கப்பிள்ளை வீதிக்கு வந்தோம். நான் அந்த ஊருக்கு வந்ததே இந்த வீட்டைப் பார்ப்பதற்குத்தான் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் எப்படியோ அது கடைசி நாளுக்குத் தள்ளிப்போய்விட்டது. துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. 1709இல் சென்னை பெரம்பூரில் பிறந்து, சிறுவயதில் புதுச்சேரிக்கு வந்து, வணிகத்திலும் அரசியலிலும் உச்சத்துக்குப் போனவர். 1736 முதல் அவர் எழுதி வந்த நாட்குறிப்பு, அன்றைய புதுச்சேரியில் என்ன விலைக்கு என்ன விற்றது, எந்தக் கப்பல் எப்போது வந்தது, யார் யாரிடம் எதற்காகக் கோபித்துக்கொண்டார்கள் என்பதையெல்லாம் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது. 1846இல்தான் அது வெளியுலகத்தின் கண்ணில் பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றித் தமிழர் ஒருவரே பேச்சுவழக்குத் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதி வைத்திருக்கும்போது, பாடநூல்களில் நாம் துய்ப்ளேவுக்கும் கிளைவுக்கும் கொடுக்கிற பக்கங்களில் பாதியையாவது அவருக்குக் கொடுத்திருக்கலாம் என்பது பணியில் இருந்த காலம் முழுவதும் எனக்கு இருந்த குறை.

வீட்டின் கதவு சாத்தியிருந்தது. தெருவில் நின்றே பார்த்தோம். கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ் வீடு. மேல்தளம் உருண்டையான சுண்ணாம்புத் தூண்களோடு பிரெஞ்சு முறை. கீழே தன் வீட்டாருக்கு, மேலே தன் துரைமார்களுக்கு என்று கட்டியதைப் போலத் தோன்றும். அது என் ஊகம். ஆனால் எங்கள் காலைக் கேள்விக்கான விடை இதுதான். கிழக்கே தகர்க்கப்பட்ட மாளிகைகளின் காலத்தைச் சேர்ந்த வீடு, மேற்கே, மிளகாய் மண்டியும் பாத்திரக்கடையும் நெருக்கும் தெருவில், இன்னும் நிற்கிறது. 1761ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி பிள்ளை இறந்துபோனார். நான்கு நாள் கழித்து ஊர் விழுந்தது. தான் கால் நூற்றாண்டாகப் பக்கம் பக்கமாக எழுதி வைத்த நகரம் இடிபடுவதை அவர் பார்க்கவில்லை.

வேறொன்று இடிபட்டதைப் பார்த்திருக்கிறார். 1748ஆம் ஆண்டு செப்டம்பரில், ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், பாதிரியார் மாதாகோயிலை ஒட்டி இருந்த வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சு ஆட்சி இடித்துப்போட்டது. பல்லாண்டு காலமாகப் பாதிரியார்கள் கேட்டுக்கொண்டிருந்ததும், ஊரார் கூடித் தடுத்துக்கொண்டிருந்ததுமான காரியம் அது. ஆட்சியில் அத்தனை செல்வாக்கு இருந்தும் பிள்ளையால் தடுக்க முடியவில்லை. அந்த நாளின் துயரத்தை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அவ்வளவு ஆசைப்பட்டு இடித்தவர்களின் மாதாகோயிலும் 1761இல் ஆங்கிலேயர் கையில் தப்பவில்லை. இன்று மிஷன் வீதியில் நிற்கும் சம்பா கோவில் அதன் பிறகு 1770க்கும் 1791க்கும் இடையில் கட்டப்பட்டது. வேதபுரீசுவரர் வேறோர் இடத்தில், ஈஸ்வரன் கோயில் வீதியில், மக்கள் பொருள் திரட்டிக் கட்டிய கோயிலுக்குக் குடிபோனார்.

மாலையில் அங்கேதான் போனோம். நடை திறந்து சற்று நேரம் ஆகியிருந்தது. பிராகாரத்தைச் சுற்றும்போது என் கணவர் வழக்கம்போலத் தூணையும் தளத்தையும் பார்த்துக்கொண்டு வந்தார். இடம் மாறிப்போன கோயிலையும் அதே கோயில் என்றுதானே கும்பிடுகிறோம், பிறகு மேரி கட்டடத்திடம் மட்டும் ஏன் கணக்குக் கேட்கிறாய் என்று காலையில் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார். இங்கே யாரும் இதைப் பழையது என்று சொல்லி எனக்குக் காட்டவில்லை, எந்த ஆண்டு எது இடிந்தது என்பதை ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அந்த வேறுபாடு போதும் என்றேன். "டீச்சர் விட மாட்டாங்க" என்று பக்கத்தில் நின்ற அர்ச்சகரிடம் சொன்னார். அவர் எங்கள் பேச்சின் தலையும் காலும் தெரியாமல் சிரித்துவிட்டு விபூதி கொடுத்தார்.

வழியில் ஒரு பேக்கரியில் மகளுக்காக நீள ரொட்டி இரண்டு வாங்கினோம். சேலத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அது கட்டையாகிவிடும் என்று கடைக்காரப் பெண்ணே எச்சரித்தும் வாங்கினோம். விடுதியில் பெட்டிகளை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து மறைமலையடிகள் சாலைப் பேருந்து நிலையத்துக்கு வந்தபோது, விழுப்புரம், கள்ளக்குறிச்சி வழியாகச் செல்லும் எங்கள் பேருந்து வந்து நின்றிருந்தது.

பெட்டியை மேலே வைத்ததுமே என் கணவர் கைப்பேசியை எடுத்தார். செவ்வாய்ப்பேட்டையில் பழைய வீடு ஒன்றின் முன்சுவரைக் கொத்திச் சிமென்ட் பூசித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த வேலை அவருக்கு. வீட்டுக்காரரிடம் ஓதம், உப்பு, கிளிஞ்சல், கடுக்காய் என்று பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி விளக்கினார். சுண்ணாம்பு வேலைக்கு நாள் இரண்டு மடங்கு ஆகும், கூலியும் கூடும் என்று சொன்னதற்கு அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்ததோ, சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சரிங்க, நேர்ல வந்து பேசிக்கறேங்க. அதுவரைக்கும் சிமெண்டு மட்டும் இறக்கிடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, எனக்கென்று பதிவு செய்திருந்த சன்னலோர இருக்கையில் தானே உட்கார்ந்துகொண்டார்.